கடலூரில் ஹீட்டர் வாங்கியவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போதாது என்பார். என் அக்காவைக் கட்டியவர். அந்த முறையில் நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். இப்போதும் எதிரில் பார்த்தால் வாய் தானாக மாமா என்றுதான் சொல்கிறது. வாய்க்கு வெட்கம் கிடையாது.

கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவருக்கு மீட்டர் பார்க்கும் வேலை. குழாய்க்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று காட்டுகிற கருவிகளைச் சரிபார்த்து வைக்க வேண்டும். வேலையில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். இருக்கலாம். குழாய்க்கு வாய் இல்லை. வலித்தால் சொல்லாது. அதனால் அதற்கு மீட்டர் வேண்டும். மனிதர்களுக்கு வாய் இருக்கிறது என்ற விஷயம்தான் அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை.

சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சித்திரை மாதம். மண்டபத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் மூக்குக்கு வந்துவிட்டது. இவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டரை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"முப்பத்தி நாலுதான் காட்டுது. நீங்கள்லாம் நெனைக்கிற அளவுக்கு வெக்கை இல்ல."

சொன்னவரின் முதுகில் சட்டை ஒட்டிக் கிடந்தது. பக்கத்து இலையில் இருந்த பெரியவர், "அப்ப எனக்கு வேர்க்கலியா தம்பி?" என்று கேட்டார். "மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்றார் இவர். பெரியவர் ரசத்துக்குக் கையேந்திவிட்டார். அந்த மனிதர் ஒரே பந்தியில் புரிந்துகொண்டதைப் புரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு வருஷக் கணக்காகிவிட்டது.

இன்னொரு நாள் அக்கா மாடியில் துணி காயப்போட்டிருந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எடுத்துவிடலாம் என்று கிளம்பியவளை இவர் தடுத்து, போனைப் பார்த்து, "ரேடார்ல ஒண்ணும் இல்ல, உக்காரு" என்றார். அக்கா உட்கார்ந்தாள். மழை கொட்டியது. இவர் வாசலில் நின்று போனை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே, "இல்லையே, காட்டலியே" என்றார். அந்தக் குரலில் மழையின் மேல் ஒரு வருத்தம் இருந்தது. நனைந்த புடவைகள் மேல் இல்லை.

நான் சிதம்பரத்தில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. விற்கும் கடையில் வேலை செய்கிறேன். அக்கா கல்யாணமான வருஷம் அவர்கள் படுக்கையறைக்கு ஏ.சி. வாங்க இவர் எங்கள் கடைக்குத்தான் வந்தார். பொருள் வாங்க வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள், கதவைத் திறந்து மூடுவார்கள், கரண்ட் பில் ஜாஸ்தி வருமா என்பார்கள். இவர் எதையும் தொடவில்லை. போனில் இருந்த ரிவ்யூக்களைப் படித்துக்கொண்டே கடையைச் சுற்றினார். அறை எவ்வளவு பெரிசு, ஜன்னல் எந்தப் பக்கம், உள்ளே படுப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்ட எதற்கும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, ரொம்பக் குளிர்ச்சி ஆகாது என்றேன்.

"இதுல ஃபில்டர் நாலு வகை இருக்கும்மா. வீசிங்லாம் ஓடிப் போயிடும்" என்றார்.

வீசிங் ஓடவில்லை. அக்காதான் போர்வையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். படுக்கையறையை இவர் மார்கழி மாதக் குளிரில் வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினார்.

அந்த அறைக்குள்தான் பாம்பு வந்தது.

பாம்பு எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் பிறந்தது குமராட்சிப் பக்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் வீட்டுக்குள் வந்து அரிசி மூட்டை மேல் ஏறிக்கொள்ளும், வெள்ளம் வடிந்ததும் போய்விடும். இவர் கொண்டுவந்தது பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு. விஷம் கிடையாது. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அரசாங்கத்தில் பதிவு செய்த சீட்டோடு சென்னையிலிருந்து வாங்கிவந்து சீசர் என்று பெயர் வைத்தார். அந்த சீசர், அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கே பந்தாகிவிடும்.

"பாவம்டி அது. என்னைய மாதிரியே ஆசப்பட்டு வாங்கியாந்து வச்சிருக்காரு" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தப் பாம்புக்கு வேண்டியது என்ன என்று நானும் பிறகு தெரிந்துகொண்டேன். பெட்டியில் ஒரு பக்கம் முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, மறு பக்கம் கொஞ்சம் கீழே, காற்றில் நல்ல ஈரம், ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, குடிக்கத் தண்ணீர். இவர்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும், அப்பளம் டப்பாவிலேயே நமுத்துப்போகும், தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் கழன்றுவரும். சூடும் ஈரமும் இனாமாகக் கிடைக்கிற ஊர் ஒன்று உண்டென்றால் அது கடலூர். அந்தப் பாம்புக்கு அந்த வீட்டில் ஒரு பெட்டியும் திறந்த ஜன்னலும் போதும்.

இவர் அதைக் கொண்டுபோய் ஏ.சி. அறையில் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கேதான் டெம்பரேச்சர் கன்ட்ரோலில் இருக்கிறது என்றார். கன்ட்ரோலில் இருந்தது குளிர். பாம்பு அசையவில்லை, இரை எடுக்கவில்லை. உடனே ஆராய்ச்சி ஆரம்பித்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் வீடியோ. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும் ஏதோ ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தாடிக்காரன் ஒருவன், தன் ஊருக்குச் சரியானதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பேசினான். இவர் அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பொருள் வாங்கினார்.

முதலில் பெட்டிக்கு அடியில் ஒரு ஹீட் மேட். அது கட்டுப்பாடில்லாமல் காய்ந்தால் பாம்பின் வயிறு வெந்துவிடும் என்று தெரிந்ததும் அதற்கு ஒரு தெர்மோஸ்டாட். தரைதான் சுடுகிறது, காற்று சூடாகவில்லை என்று மேலே ஒரு செராமிக் ஹீட்டர். வெளிச்சம் வராமல் சூடு மட்டும் தரும் பல்பு அது. அந்தச் சூட்டிலும் ஏ.சி. காற்றிலும் பெட்டி காய்ந்து, பாம்பின் சட்டை ஒழுங்காக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. அதனால் புகை மாதிரி ஈரம் கக்கும் ஃபாகர். ஃபாகர் ஓடி ஓடி உள்ளே போட்டிருந்த தேங்காய் நார்த்தூள் ஊறி நாறி வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. அதைக் காயவைக்க ஒரு குட்டி ஃபேன். ஃபேன் ஈரத்தை இழுத்துவிட்டதால், ஈரம் குறைந்தால் தானாக ஃபாகரை ஓட்ட ஒரு கருவி. ஒவ்வொன்றும் இதற்கு முன்னால் வாங்கியது செய்த கோளாறைச் சரிசெய்ய வந்தது. சுவரில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதாமல் அதற்குள் இன்னொன்றைச் செருகியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெருமையாக விளக்கினார். அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த ஏ.சி.ய அணைச்சிட்டா இதுல எதுவுமே வேணாமே?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பைத்தியத்தோடு குடும்பம் நடத்துகிறவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "உங்கக்காவுக்கு எல்லாமே சிம்பிள். இது சயின்ஸும்மா" என்றார்.

நான் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கா கண்ணால் வேண்டாம் என்றாள்.

ஃபாகருக்கு அவர் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். அங்கே போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. ஃபாகர் அந்த உப்பையும் சேர்த்துக் காற்றில் விசிறியது. பீரோ கண்ணாடி, கட்டில், மடித்து வைத்த புடவை எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பொடி படிந்தது. அறையைப் பெருக்கித் துடைக்கும்போதெல்லாம் அக்காவுக்கு இழுப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே துடைப்பாள். ஃபாகர்தான் காரணம் என்று அவரிடம் சொன்னாள். "ரூம் ஏர் குவாலிட்டி நல்லாத்தான் காட்டுது. உனக்கு டஸ்ட் அலர்ஜி, தெருப் பக்க ஜன்னல சாத்து" என்றார்.

கொஞ்ச நாளில் அந்த உப்பு ஃபாகரின் வாயையே அடைத்துவிட்டது. அன்றைக்கே கேன் தண்ணீர் வாங்கிப் போட்டுவிட்டார். மெஷினுக்குக் கஷ்டம் என்றதும் எவ்வளவு சீக்கிரம் புரிந்தது பாருங்கள். அக்கா சமையலுக்கு போர் தண்ணீரைத்தான் காய்ச்சி வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் டாக்டர், வீட்டில் ஒரு நெபுலைசர் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் சின்ன மெஷின். இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் சமாளிக்கலாம். அக்கா அதை அவரிடம் கேட்டாள். அறை முழுக்க மெஷினை நிறுத்தி வைத்திருந்த மனிதர் சொன்ன பதிலை அக்கா என்னிடம் போனில் சொன்னபோது நான் கடையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"மெஷினுக்குப் பழகிட்டா அப்புறம் அது இல்லாம மூச்சு விட முடியாதும்மா. பிராணாயாமம் பண்ணு."

சிரித்ததற்குப் பிறகுதான் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை தணியவில்லை.

அது ஐப்பசி அடைமழை. ஆலப்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நின்று பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஞாயிறு காலையில் அவர் எனக்கு போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"சீசருக்கு மூச்சு சரியில்லம்மா. வாயத் தொறந்து தொறந்து மூடுது. சென்னைல பாம்பு பாக்குற டாக்டர்கிட்ட பேசினேன். மழை விட்டதும் கூட்டியாங்க, அதுவரைக்கும் நெபுலைசர் வச்சு ஆவி குடுங்கன்னாரு. இங்க மெடிக்கல்ல கேட்டேன், இல்லன்னுட்டான். சிதம்பரத்துல பாத்து வாங்கிட்டு வர்றியா?"

"அக்கா எப்படி இருக்கா மாமா?"

"அவ இருக்கா. நீ சீக்கிரம் வா."

கீழவீதியில் ஒரு மருந்துக்கடையில் மெஷின் கிடைத்தது. அக்காவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு என் போனில் படமாக இருந்தது. அதைக் காட்டி அவளுடைய மருந்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மழைக் காலத்தில் அவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த மீட்டரும் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரைத்தான் பார்த்தேன். படுக்கையறைத் தரையில் முட்டிபோட்டு, பெட்டிக் கண்ணாடியில் காதை ஒட்டவைத்திருந்தார். கண்ணெல்லாம் ஈரம். விரலை உதட்டில் வைத்து என்னைச் சத்தம் போடாமல் வரச் சொன்னார்.

"கேளு. மூச்சு உள்ள போறப்ப லேசா விசில் மாதிரி ஒரு சத்தம். கேக்குதா?"

எனக்குக் கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் சமையலறையிலிருந்து வந்தது.

ஓடினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, அடுப்பு மேடையில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. பேச்சு வரவில்லை. பக்கத்தில் இன்ஹேலர் காலியாகக் கிடந்தது.

"எப்ப தீந்துச்சு?"

விரலால் முந்தாநாள் என்று காட்டினாள். "சொன்னேன். மழை விடட்டும்னாரு" என்ற அந்த மூன்று வார்த்தைக்கு நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இந்த மனிதர் அன்று காலையில் அந்த மழையில் மருந்துக்கடை வரைக்கும் போயிருக்கிறார். கடைக்காரரிடம் நின்று பாம்புக்கு மெஷின் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் திரும்பி வந்துவிட்டார். பெண்டாட்டியின் இன்ஹேலர் அந்தக் கடையிலேயே இருந்திருக்கும். கையை நீட்டினால் கிடைத்திருக்கும்.

அக்காவை அணைத்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். பிளக் செருக இடமில்லை. எல்லா ஓட்டையிலும் பாம்புக்கான ஒயர். எது என்று பார்க்காமல் ஒன்றைப் பிடுங்கினேன். ஃபாகர் நின்றது.

"அத எடுக்காத! ஹியுமிடிட்டி எறங்கிடும்!" என்று கத்தினார்.

நான் மருந்தை ஊற்றி மாஸ்க்கை அக்கா முகத்தில் வைத்தேன். மெஷின் உறுமியது. ஏ.சி.யையும் அணைத்தேன். அவர் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அவ யூஸ் பண்ணின மாஸ்க்க அப்புறம் எப்படிம்மா சீசருக்கு வைக்கிறது? இன்ஃபெக்ஷன் ஆயிடாதா?"

நான் அவரை அடிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அதுவரை நான் அவரை ஈரமில்லாத ஆள், மரக்கட்டை என்று நினைத்திருந்தேன். அப்படியே இருந்திருந்தால் மன்னித்துக்கூட விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கண்ணீர் நிஜம். ஒரு உயிர் மூச்சுக்குத் திணறுகிறதே என்று அந்த மனிதர் நிஜமாகவே துடித்தார். தரையில் முட்டிபோட அவருக்குத் தெரிந்திருந்தது, காதை ஒட்டவைத்துக் கேட்கத் தெரிந்திருந்தது, அழத் தெரிந்திருந்தது. எல்லாம் இருந்தும் சமையலறைவரை அவர் காது வரவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவுக்கு இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. மாஸ்க்கைக் கழற்றினாள். எழுந்து முகம் கழுவினாள். பீரோவைத் திறந்து, வெள்ளைப் பொடியை உதறி உதறி நாலு புடவையை எடுத்துப் பையில் வைத்தாள். நெபுலைசரை அதன் டப்பாவில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் அவர் கூடவே வந்தார். போகாதே என்று சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"மெஷின வச்சுட்டுப் போ" என்றார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வேற வாங்கிக்குங்க. ரிவ்யூ பாத்து வாங்குங்க."

சிதம்பரத்தில் நான் இருப்பது ஒரு மாடி வீடு. ஏ.சி. கிடையாது. அக்கா ஜன்னலோரமாகப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடிப்படியில் நிற்காமல் ஏறிவர ஆரம்பித்தாள். அவர் ஒரு தடவை போன் செய்து, அந்த நெபுலைசர் என்ன கம்பெனி என்று விசாரித்தார். நான் சொல்லவில்லை.

பங்குனி வாக்கில் அவர் எங்கள் கடைக்கே வந்தார். அந்த ஏ.சி.யைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

"என்ன மாமா ஆச்சு?"

"சீசரைச் சென்னைக்குத் தூக்கிட்டுப் போனேம்மா. டாக்டர் நல்லா வெவரமான ஆளு. ரூம் போட்டோவப் பாத்ததும் புடிச்சிட்டாரு. ஏ.சி.ய நிறுத்துங்க, உங்க ஊருக்கு இது எதுவுமே வேணாம்னாரு. எல்லாத்தையும் கழட்டிட்டேன். ஜன்னலத் தொறந்து வச்சிருக்கேன். இப்ப நல்லா எரை எடுக்குது, மூச்சு கிளியரா இருக்குது."

"அக்கா அதத்தானே மாமா சொன்னா?"

துளிகூட யோசிக்கவில்லை. "அவ சும்மா சொன்னா. டாக்டர் டேட்டாவோட சொல்றாரு."

பழைய ஏ.சி.யை நாங்கள் எடுப்பதில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் படியிறங்கியவர் திரும்பி வந்தார். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"உங்கக்காகிட்ட சொல்லு. இப்ப அவ வரலாம். முப்பது டிகிரி, அறுபத்தஞ்சு பர்சென்ட். ரூம் பக்காவா இருக்குது."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவைக்கலாம் என்று அவர் குரலிலேயே, முப்பது டிகிரி, அறுபத்தஞ்சு பர்சென்ட் என்று நடித்தும் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு மூச்சு எப்படி இருக்குதுன்னு கேட்டாராடி?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "கேக்கல" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். காபியை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வரலன்னு சொல்லிடு. ரூம் நல்லாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும்."